வண்டி போன பிறகு

வெள்ளை வண்டி பிளாக் முனையில் திரும்பி மறைந்த பிறகும் தேசம்மாள் நாலாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டியிருக்கலாம். ஆட்டியிருந்தால் அந்தாளுக்குத் தெரிந்திருக்குமா, வண்டிக் கண்ணாடி கறுப்பு, அதுவும் அவரை அந்தப் பக்கமாக உட்கார வைத்தார்கள், தெரிந்திருக்காது, ஆனாலும் பெண்டாட்டி என்று ஒருத்தி நின்றால் கையை ஆட்டத்தான் வேண்டும். ஏகாம்பரத்துக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் அவர் இந்தப் படிகளில் இறங்கியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். இன்றைக்கு வேறு எங்கோ போகிறார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி தலை வாரி, பவுடர் போட்டு, மாற்று லுங்கியும் மாத்திரையும் பையில் வைத்து அனுப்பியாகிவிட்டது. முதியோர் பகல் மையம். காலையில் வண்டி வந்து கூட்டிப்போகும், அங்கே குளிப்பாட்டுவார்கள், சாப்பாடு போடுவார்கள், கை காலை நீவிவிடுவார்கள், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள், செவ்வாயும் வெள்ளியும், நம் கையிலிருந்து ஒன்றும் தரவேண்டாம். தொண்டு நிறுவனத்திலிருந்து மாதா மாதம் அரிசிப் பையும் பெரியவர்களுக்கான டயப்பரும் எடுத்துக்கொண்டு வருகிற ஷகிலா மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னாள், இவள் மாட்டேன் என்றாள், அவள் விடவில்லை, கடைசியில் சரி என்று சொன்னது யார் வாய், தன் வாய்தான். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு ஆட்கள் அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது ஏகாம்பரம் நல்ல கையால், இடது கையால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கய்யா, சும்மா போய்ட்டு வந்துடலாம்," என்றான் ஒருவன். விடவில்லை. எத்தனையோ வருஷம் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்த ஆள், ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அப்போது தேசம்மாள் முன்னால் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அந்த ஆட்கள் பிரிக்கவில்லை. அவள் பிரித்தாள். சுண்டுவிரல்தான் கடைசிவரை இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஏன் சாத்த வேண்டும் என்று திறந்தாள். திறந்திருந்தால் எதிர்வீட்டு பிலோமினா வந்து உட்கார்ந்துகொள்வாள், இன்னா தேசம்மா, அனுப்பிட்டியா, மனசு வந்துதா என்பாள், அதனால் மறுபடி சாத்தினாள். ஒரே அறை, அதில் பாதி கட்டில், கட்டிலில் ரெக்சின் விரிப்பு, விரிப்பில் அவர் உடம்பு பதிந்த பள்ளம். சத்தம் இல்லை. எந்தச் சத்தம் இல்லை என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை, ஃபேன் ஓடுகிறது, மேல்வீட்டில் அம்மியோ மிக்சியோ ஏதோ உருளுகிறது, கீழே தண்ணீர் லாரி பின்னால் எடுக்கும்போது வருகிற பாட்டு கேட்கிறது, எல்லாம் இருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் தொண்டை. மூச்சு விடும்போதெல்லாம் சளி உரசுகிற அந்தக் கர் கர். தூக்கத்திலும் அது காதில் ஓடிக்கொண்டிருக்கும், நின்றால் எழுந்துவிடுவாள், எழுந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். இப்போதும் கை தானாகக் கட்டில் பக்கம் போயிற்று. பைத்தியமே, ஆளே இல்லை. டீ போட்டாள். இரண்டு டம்ளருக்குப் போட்டுவிட்டு ஒன்றில் ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்க ஒரு வாய் குடித்ததும் நாக்கு சுட்டது, சுட்டபோதுதான் யோசித்தாள், இந்த மாதிரி சூடாக டீ குடித்து எத்தனை நாள் ஆகிறது, அவருக்கு ஆற்றி ஆற்றி ஸ்பூனால் ஊட்டி, வழிந்ததைத் துடைத்து, பிறகு தன் டம்ளரை எடுத்தால் அதன் மேல் ஆடை படிந்திருக்கும், அதைத்தான் இத்தனை நாளும் டீ என்று குடித்தாள். நல்லா இருக்கு. நல்லா இருக்கு என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். உடனே சுற்றிப் பார்த்தாள்.

படுத்துத் தூங்கு என்றுதான் ஷகிலா சொல்லியிருந்தாள். "அம்மா, அவருக்காக மட்டும் இல்லம்மா இது, உங்களுக்காகவும்தான். நீங்க கண்ணாடில உங்க மூஞ்சப் பாத்தீங்களா? நாளைக்கு நீங்க விழுந்துட்டா அவர யாரு பாப்பா?" நான் ஏன் விழப்போகிறேன் என்று அன்றைக்குச் சண்டை போட்டாள். இப்போது பாயை விரித்துப் படுத்தாள், கண்ணை மூடினாள், மூடியதும் சுண்டுவிரல் வந்தது. அவர் பயந்தாரா, கோபமா. பேச்சு போய்விட்ட ஆளிடம் எப்படித் தெரிந்துகொள்வது. வா, போ, தண்ணி, தேசு. இந்த நாலைந்து சொல்தான் மிஞ்சியது, அதுவும் எல்லா நேரமும் வராது, தண்ணி என்று நினைத்துப் போ என்று சொல்வார், தப்பு என்று அவருக்கே தெரியும், தெரிந்து கண்ணில் தண்ணீர் விடுவார். நல்லா இருந்த காலத்தில் பேச்சு கொஞ்சமா நஞ்சமா. கால்வாய் ஓரத்தில் குடிசை இருந்தபோது, ராத்திரி மார்க்கெட் லோடு இறக்கிவிட்டுக் குடித்துவிட்டு வந்தால் தெருவுக்கே கேட்கும், அவளைத் திட்டுவார், கவுன்சிலரைத் திட்டுவார், அடித்தும் இருக்கிறார், பிறகு மகள் நிர்மலாவுக்கு விவரம் தெரிய ஆரம்பித்ததும் ஒரு நாள் அடிப்பதை விட்டார், குடியை விடவில்லை. குடிசையை இடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டபோது வண்டியைக் கொண்டுவர இடமில்லை, அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை, குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனவர் அப்படியே சரிந்தார். தூக்கியவர்கள் முகத்தைப் பார்த்து, வாய் ஒரு பக்கம் போயிருந்ததைப் பார்த்து, தேசம்மாளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது. இனிமேல் இந்த ஆள் கத்தமாட்டார். அதுதான் தோன்றியது. அழுதுகொண்டே இருக்கும்போது அது தோன்றியது. மனசு என்ன மாதிரி சாமான். யார் கேட்டு இதெல்லாம் யோசிக்கிறது.

திரும்பி வராமல் போனால். எங்கிருந்தோ அந்த வார்த்தை வந்து விழுந்தது. அவள் புரண்டு படுத்தாள். வண்டி வழியில் எதிலாவது மோதி, அங்கே குளியலறையில் வழுக்கி, சாப்பாடு புரையேறி. ச்சீ. வாயைக் கழுவினால் போய்விடும், மனசை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது. பிலோமினா ஒரு தடவை சொன்னாள், இந்த மாதிரி இடங்களில் கூட்டிக்கொண்டு போய் கைநாட்டு வாங்கிக்கொள்வார்களாம், அப்புறம் அங்கேயே வைத்துக்கொள்வார்களாம், கேட்டால் நீதானே சம்மதித்தாய் என்பார்களாம். அதெல்லாம் சும்மா, ஷகிலா அப்படிப்பட்டவள் இல்லை, வெள்ளம் வந்த அன்று இடுப்பளவு தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள். ஆனால் தேசம்மாளுக்குப் பயம் அவர்களிடம் இல்லை. அங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்று யாராவது வந்து சொன்னால், தான் என்ன சொல்வோம். சண்டை போடுவேன். போடுவேனா. முதலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். அந்தக் கொஞ்ச நேரம். அதுதான் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் நாளைக் காலையில் துணி அலச வேண்டாம் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கும், அவளுக்குத் தெரியும், எட்டிப் பார்த்தே தீரும். நினைத்தால் நடந்துவிடும் என்று சின்ன வயதில் யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், நினைக்காதே, நினைக்காதே என்று சொல்லிக்கொள்வதும் நினைப்பதுதான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். இந்தச் சுவருக்குள் இருந்தால் இதுதான் ஓடும்.

கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். எங்கே என்று பிலோமினா கேட்டாள், கடைக்கு என்றாள். கடையைத் தாண்டினாள். பஸ் நிலையத்தில் பழைய பக்கம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது, பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஏறினால் யார் கேட்கப்போகிறார்கள். கால்வாய் ஓரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். குடிசை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதோ. மார்க்கெட் வாசலில் பூக்கட்டுகிற செல்லி இருந்தால் அவளோடு உட்கார்ந்து ஒரு டீ. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒன்றும் இல்லை, பையில்லை, மருந்துச் சீட்டில்லை, பக்கத்தில் தோளில் சாய்கிற ஆளில்லை. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்தான். பஸ் கிளம்பியது, காற்று அடித்தது, கழுத்து வியர்வையில் காற்றுப் பட்டபோது உடம்பு சிலிர்த்தது, இந்த உடம்புக்கு இன்னும் சிலிர்க்கத் தெரிகிறதா. முன்சீட்டில் ஒருத்தி கனகாம்பரம் வைத்திருந்தாள். தானும் வைத்திருக்கிறாள் ஒரு காலத்தில், அவர் வண்டியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வருவார், குடித்திருந்தாலும் பூ நசுங்காமல் வரும். ஏரிக்கரை தாண்டி பஸ் வளைந்தது. சாவி. சாவி யாரிடமும் கொடுக்கவில்லை. அவருக்கு அங்கே பிடிக்காமல் அழுது, சரி, கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று அவர்கள் முன்னாலேயே வந்துவிட்டால். நாலு மாடி நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் வைத்து, அவர் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு. பேச முடியாது. பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தேசம்மாள் எழுந்துவிட்டாள். "நிறுத்துப்பா, நிறுத்து, எறங்கணும்." "இன்னா ஆயா, இப்பதானே ஏறுன?" "எறங்கணும்பா." அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி, வந்த வழியே வெயிலில் நடந்தாள். நடக்கும்போது யாரோ துரத்துகிற மாதிரி இருந்தது. பிளாக் வாசலில் வண்டி இல்லை. நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறினாள். கதவு முன்னால் யாரும் இல்லை. அப்பாடா என்றும் வந்தது, ச்சே, பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றும் வந்தது.

சாதத்தில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நிர்மலா என்றால் சாயங்காலம்தான் கூப்பிடுவாள், அரக்கோணத்தில் மாமியார் எதிரில் அவளால் பேச முடியாது. நம்பர் தெரியாத நம்பர். சோற்றுக் கையோடு நின்றாள். மையம்தான். இந்த நேரத்தில் மையத்திலிருந்து ஏன் கூப்பிட வேண்டும். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நினைத்தேன், நடந்துவிட்டது. நான்தான் நினைத்தேன். கையைத் துடைக்க வேண்டும், எதில் துடைக்க, புடவையில் துடை, கை நகரவில்லை. அதற்குள் மனசு எங்கேயோ ஓடி எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தது, நிர்மலாவுக்குச் சொல்ல வேண்டும், நாற்காலியில் எப்படி மேலே கொண்டுவருவது, கீழேயே வைத்துவிடலாம், பந்தல் போட இடம் இருக்கிறது, கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம், கட்டிலை எடுத்துவிட்டால் இந்த அறையில் காலை நீட்டிப் படுக்கலாம். காலை நீட்டி. அந்த இடத்தில் ஒரு கேவல் எழும்பியது, அது அழுகைதான், பொய்யில்லை, அவருக்காகத்தான் அழுதாள், காலை நீட்டலாம் என்று நினைத்ததும் அவள்தான். போன் நின்றுவிட்டது. நின்றதும் இன்னும் பயமாகிப் போயிற்று. மறுபடி அடித்தபோது பச்சையை அழுத்திக் காதில் வைத்தாள்.

"அம்மா, ஷகிலா பேசறேன். சமையக்கட்டு போன்ல இருந்து பேசறேன். கேக்குதா?"

"சொல்லு."

"மீன் சாப்புடுவாராம்மா? இன்னிக்கு மீன் கொழம்பு. முள்ளு எடுத்துக் குடுத்தா முழுங்கிடுவாரா, இல்ல அவருக்கு மட்டும் பருப்பு போடட்டா?"

தேசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"சாப்புடுவாரு. முள்ளு நல்லாப் பாத்து எடு. ரொம்பச் சின்னதா உதுத்து வெய்யி. பொரையேறுனா நெஞ்சுல தட்டாம, முதுகுல தட்டிக் குடு."

"சரிம்மா. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? தூங்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா," என்றாள். "தூங்கினு இருந்தேன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது, யாரோ ஆம்பிளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் ஒன்று அவர் சிரிப்போ என்று நினைத்தாள். அவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எப்படி இருக்கும் என்றே மறந்துபோய்விட்டது. அழுகிறாரா, என்னைத் தேடுகிறாரா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆமாம் என்றால் இங்கே உட்கார முடியாது. இல்லை என்றால், இல்லை என்றால் என்ன. பிசைந்த சோற்றைச் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டு எழுந்து, ரெக்சினைக் கழுவி நடையில் காயப்போட்டு, கட்டில் கால்களைத் துடைத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நாளெல்லாம் எங்கே போயிற்று, தூங்கவும் இல்லை, கால்வாய் ஓரத்துக்கும் போகவில்லை, செல்லியையும் பார்க்கவில்லை. கிடைத்த ஒரு பகலைப் பயந்தே தின்று தீர்த்தாயிற்று. ஷகிலா வந்து ஓய்வெடுத்தீங்களாம்மா என்று கேட்பாள். ஓய்வு என்பது படுத்தவுடன் தானாக வருகிற சாமானா, அதற்கும் பழக வேண்டாமா, இருபது வயதில் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து யார் கொடுத்தார்கள் பழகுவதற்கு.

வெயில் எதிர் பிளாக்குக்கு ஏறிய நேரத்திலிருந்து அவள் கைப்பிடிச் சுவரிலேயே நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தண்ணீர் லாரி இரண்டாம் முறையும் வந்துபோய்விட்டது. விளக்குப் போடுவதற்குள் வரும் என்றுதானே சொன்னார்கள். பிலோமினா வந்து பக்கத்தில் நின்றாள். "வந்துடும் தேசம்மா. ரோட்ல டிராபிக்கு." தேசம்மாள் பிளாக் முனையையே பார்த்தாள். பேசினால் வாயிலிருந்து என்ன வருமோ. வரட்டும், வந்துவிடட்டும், காலை நீட்ட வேண்டாம், டீ ஆறிப்போனாலும் போகட்டும், அந்தக் கர் கர் கேட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள், வேண்டிக்கொள்ளும்போதே இது காலையில் நினைத்ததற்குக் கொடுக்கிற லஞ்சம் என்றும் தெரிந்தது. சாமிக்குத் தெரியாதா. வெள்ளை நிறத்தில் எது வந்தாலும் நெஞ்சு ஒரு எம்பு எம்பியது, பால் வண்டி, கார், யாரோ வீடு மாற்றுகிற டெம்போ. கடைசியில் அது வந்தபோது நம்பிக்கை வராமல் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவு திறந்து, நாற்காலி இறங்கி, நாற்காலியில் அவர்.

மேலே கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியதும் ஆட்கள் போய்விட்டார்கள். ஏகாம்பரத்துக்கு முகம் மழித்திருந்தது. நகம் வெட்டியிருந்தது. அவள் போட்டுவிட்ட பவுடர் வாசம் போய் வேறு ஏதோ சோப்பு வாசம் வந்தது. முகம் மழித்ததும் கன்னத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு தெரிந்தது, அவள் அதை மறந்தே போயிருந்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள், எங்கேயும் சிராய்ப்பு இல்லை. "பயந்துட்டியாய்யா?" என்று கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். "என்ன தேடுனியா?" கூரையையே பார்த்தார். "மீன் சாப்ட்டியா?" அதற்குத் தலை ஆடியது. தண்ணீர் கொண்டுவந்து ஸ்பூனால் கொடுக்கப் போனாள், அவர் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார், தானே வாயில் வைத்தார், பாதி வாய்க்குள் போயிற்று, பாதி நெஞ்சில் வழிந்தது. அவள் துடைக்கப் போன கையை டம்ளரால் தள்ளினார். இதை அங்கே யார் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரே நாளில். ஊட்டி ஊட்டி நான்தான் கையை முடக்கிவிட்டேனா. கேட்கவும் முடியாது, சொல்லவும் மாட்டார்.

விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. சொல் வருவதற்கு முன்னால் அப்படித்தான் அசையும். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். தேசு என்று வருமோ, போ என்று வருமோ, இனி அங்கே அனுப்பாதே என்று எப்படிச் சொல்வாரோ.

"வண்டி," என்றார் ஏகாம்பரம். மூச்சு வாங்கினார். "நாளி... நாளிக்கி. வண்டி?"

நாளைக்கும் வண்டி வருமா என்று கேட்கிறார். முகம் முழுக்க அந்தக் கேள்வியாக இருந்தது, கண் அவளை விட்டு நகரவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரம் சட்டென்று எங்கே இறங்கியது என்று தெரியவில்லை, இறங்கிய இடத்தில் எரிந்தது. ஏன்யா, நான் உனக்கு இன்னா கொற வெச்சேன், இந்த நாலு வருஷமா மலமும் மூத்திரமும் வாரினேனே, ஒரு நாள் மீன் கொழம்பு போட்டவங்க அவ்ளோ பெரிசாப் போயிட்டாங்களா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. வந்ததை விழுங்கினாள். அவரால் முடிந்தால் அவரும் கேட்டிருப்பார், நீ இன்னிக்குப் பகல்ல இன்னா நெனச்சே, சொல்லு பாப்போம் என்று. இந்தக் கூரையையும் தன் மூஞ்சியையும் தவிர வேறு எதை இந்த மனுஷன் நாலு வருஷமாகப் பார்த்தார். தன் கை வலிக்கிற மாதிரி, அந்தக் கையில் கிடக்கிற உடம்புக்கும் வலித்திருக்கும்.

"நாளிக்கி இல்லய்யா," என்றாள். "வாரத்துல ரெண்டு நாளு தான். இனிமே வெள்ளிக்கெழம வரும்."

அவர் முகம் விழுந்தது. ஒளிக்கத் தெரியாத முகம், அப்படியே விழுந்தது. வாய் மறுபடி அசைந்தது. இந்த நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத இன்னொரு சொல்லைத் தேடிப் பிடித்து, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை வெளியே கொண்டுவந்தார்.

"தூரம்."

தேசம்மாள் முந்தானையால் அவர் நெஞ்சின் ஈரத்தை ஒற்றினாள். இந்த முறை அவர் தள்ளவில்லை.

"ஆமாய்யா," என்றாள். "வெள்ளிக்கெழம தூரந்தான்."